லெட்சுமி அக்காவின் இரண்டு ரப்பர் வளையங்கள்

எங்கள் பல் தொழில்நுட்பவியலாளர் சங்கம் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறதாம். ஓய்வுபெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தரவேண்டுமென்று செயலாளர் போனில் சொன்னார். "உங்க சாதனைய எழுதுங்க அண்ணே" என்றார். முப்பத்தாறு வருடம் இரத்தினபுரியில் ஒரு தனியார் பல் வைத்தியசாலையின் பின்னறையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து பொய்ப்பல் செய்தவனுக்கு என்ன சாதனை இருக்கப்போகிறது? நாம் செய்த பல் வாயில் ஒழுங்காக இருந்தால் நம்மை ஒருவரும் நினைப்பதில்லை. கழன்று விழுந்தால்தான் நம் பெயரை விசாரிப்பார்கள். ஆகவே கழன்று விழுந்த ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. றக்வானவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தேன். பள்ளிக்கூடம் முடிந்து, கொழும்பில் இரண்டு வருடம் மெழுகு செதுக்கவும் பிளாஸ்டர் குழைக்கவும் பழகினேன். "ஊரான் எச்சி வாயில கைய வைக்கிற வேலையாடா?" என்று அம்மா கேட்டார். நான் வாயில் கை வைப்பதே இல்லை, அச்சில்தான் வேலை என்று விளங்கப்படுத்தியும் அவர் நம்பவில்லை. நான் முதன்முதல் செய்த பல் செட்டைப் போட்ட பெரியவருக்கு வாயை மூட முடியவில்லை. அவ்வளவு உயரம். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கை படிந்தது.

அம்மாவுக்குச் சொன்னது உண்மைதான். என் வேலையில் மனிதர்கள் வருவதில்லை, அவர்களின் தாடைகள் மட்டும் பிளாஸ்டரில் வரும். அடியில் ஒரு இலக்கம் இருக்கும். இந்த ஆள் இடது பக்கம்தான் மெல்லுகிறார், இவர் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும், முகம் தெரியாது. பெல்மதுளை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் வாய் போன வாரம் முழுக்க என் மேசையில் இருந்திருக்கலாம். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார், நான் எனக்கு முன்னால் பார்த்துக்கொண்டு வருவேன். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு ஆரம்பத்தில் காரணங்கள் சொன்னேன். பிறகு கேட்பவர்களும் குறைந்துவிட்டார்கள்.

கடைசி இருபது வருடம் டொக்டர் ஜயவீரவின் கீழ் வேலை செய்தேன். குரல் உயர்த்தாத மனிதர். ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணிக்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் அறைக்குள் வருவார். உட்கார மாட்டார். "இன்றைக்கு நாம் என்ன பிழை விட்டோம், மிஸ்டர் செல்வா?" என்று சிங்களத்தில் கேட்பார். "ஒன்றுமில்லை டொக்டர்" என்பேன். தலையை ஆட்டிவிட்டு, வரிசையாக இருக்கும் அச்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போவார். இருபது வருடமும் அதே கேள்வி, அதே பதில். அதைச் சும்மா ஒரு மரியாதைப் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. நோயாளியிடம் "முடியாது" என்று சொல்ல வேண்டி வந்தால் முதலில் கண்ணாடியைக் கழற்றுவார். சட்டை நுனியால் ஆறுதலாகத் துடைப்பார். பிறகு சொல்லுவார். அந்த ஆள் கதவைத் தாண்டிப் போகும்வரை கண்ணாடியைத் திரும்பப் போடமாட்டார். எதிரில் இருப்பவரின் முகம் தெளிவாகத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்தார் என்பது என் ஊகம்.

தோட்டத்துத் தமிழ் ஆக்கள் வந்தால் மட்டும் என்னை முன்னறைக்குக் கூப்பிடுவார். டொக்டருக்குத் தமிழ் வராது. தோட்டத்தில் நிறையப் பேருக்குச் சிங்களம் நன்றாக வரும் என்றாலும், அந்த நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்ததும் தெரிந்த பாஷையெல்லாம் மறந்துபோகும். அப்படிக் கூப்பிட்ட ஒரு நாளில்தான் லெட்சுமி அக்காவைக் கண்டேன்.

நான் ஓய்வுபெறுவதற்கு இரண்டரை வருடத்துக்கு முன்னால் அது. வெளியிலிருந்து ஒரு வைத்தியக் குழு பயிற்சிக்காக வந்து, எங்கள் இடத்தில் சில பேருக்கு இலவசமாக இம்ப்ளான்ட் வைத்துவிட்டுப் போனது. யாருக்கு மிக அவசியமோ அவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். லெட்சுமி அக்கா கொழுந்தெடுத்து ஓய்வுபெற்றவர், அறுபதைத் தாண்டியவர், நான் பிறந்த தோட்டத்துக்கு அடுத்த தோட்டம். கணவர் இல்லை. ஒரே மகன் ரவி, கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் வேலை. பல் போய் வருடக்கணக்கானால் கீழ்த்தாடை எலும்பு கரைந்து தட்டையாகிவிடும். தட்டையான தாடையில் சாதாரணப் பல் செட் நிற்காது, நாக்கு அசைந்தால் அதுவும் கூடவே அசையும். அக்காவின் கீழ்த்தாடை அப்படித்தான் இருந்தது.

வைத்த முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாடை எலும்பில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு திருகாணி. அதன் தலையில், ஈறுக்கு மேலே, மிளகளவு ஒரு உலோகக் குண்டு. பல் செட்டின் அடியில் அதற்கு நேராக இரண்டு சின்ன மூடிகள், மூடிக்குள் ரப்பர் வளையம். செட்டை வைத்து அமுக்கினால் வளையம் குண்டைக் கவ்வும். சட்டைக்கு வைக்கும் அமுக்குப் பொத்தான் மாதிரி. சரியாக உட்கார்ந்தால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். வளையம் தேயும் பொருள்தான். ஒழுங்காகப் பாவித்தால் ஒரு வருடம் போல நிற்கும். மாற்றிப் போட ஐந்து நிமிஷம்.

அந்த 'டக்' சத்தம் முதல் தடவை கேட்டதும் அக்கா கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். நாக்கால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

"இது கழண்டு விழாதுதானே சார்?"

"விழாதுக்கா."

"சிரிச்சாலும் விழாதா?"

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதை, டொக்டர் கை கழுவப் போன நேரத்தில் சொன்னார். ரவிக்குக் கல்யாணம் பேசிப் பெண் வீட்டார் கொழும்பிலிருந்து வந்திருந்தார்கள். லயத்து வீட்டில் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சம்பந்தி ஏதோ பகிடி சொல்ல, அக்கா வாய்விட்டுச் சிரிக்க, பழைய கீழ்ச் செட்டு கழன்று சம்பந்தியின் தேத்தண்ணிக் கோப்பை வைத்திருந்த தட்டில் விழுந்துவிட்டது. ஒருவரும் சத்தம் போடவில்லை. அதுதான் மோசம் என்றார். கல்யாணம் கொழும்பில் நடந்தது. அதற்குப் பிறகு மகன் மருமகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவைகூட வீட்டுக்கு வரவில்லை. போனில் நல்லபடியாகப் பேசுகிறான். "வர்றேம்மா, வர்றேம்மா" என்று சொல்லித்தான் வைக்கிறான்.

"அந்தப் பொண்ணுக்கு அருவருப்பா இருந்திருக்கும் சார். இனிமே வந்தா எம் மூஞ்சிய நல்லா பாக்கட்டும்."

பல்லுக்கும் மகன் வராததற்கும் பெரிய சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் புதுப் பல்லோடு உட்கார்ந்து சிரிக்கிற ஒருவரிடம் அதையா சொல்ல முடியும்? சொல்ல வேண்டிய அறிவுரைகளைச் சொன்னேன். படுக்கும்போது கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், சாம்பல் போட்டுத் தேய்க்கக்கூடாது, வெற்றிலை கூடாது. அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்காமல், "பாத்துக்கங்கக்கா, இந்த வளையம் பாவிக்கப் பாவிக்கத் தேயும்" என்றும் சொன்னேன்.

மூன்றாம் மாதமே வந்துவிட்டார். செட்டு ஆடுகிறது, சாப்பிடும்போது எழும்புகிறது.

இதைச் சோதிக்க என்னிடம் ஒரு முறை இருந்தது. ஒரு பிளாஸ்டர் தாடையில் இரண்டு உலோகக் குண்டுகளைப் பதித்து வைத்திருந்தேன். செட்டை அதில் மாட்டி, நடுவில் நூல் கட்டி, மீன் நிறுக்கிற கைத்தராசைவிடச் சின்னதான ஒரு ஸ்பிரிங் தராசால் மேலே இழுப்பேன். கழலும் நேரத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். புது வளையத்துக்கு முள் சிவப்புக் கோட்டைத் தாண்டும். அக்காவின் செட்டு, முள் அசையத் தொடங்கும் முன்பே கையோடு வந்துவிட்டது.

டொக்டர் முன்னறையில் அக்காவிடம் கேட்டார். வெற்றிலை போடுகிறீர்களா? நான் தமிழில் கேட்டேன்.

"சத்தியமா இல்லீங்க சார். எங்கூட்டுக்காரரு போன நாள்லேந்து தொடுறதில்ல."

வளையத்தை மாற்றிக் கொடுத்தோம். அன்று நாலு மணிக்கு டொக்டர் என் அறைக்கு வந்தார். பழைய வளையங்கள் மேசையில் இருந்தன.

"வெற்றிலை என்று நினைக்கிறேன், மிஸ்டர் செல்வா. சுண்ணாம்பும் பாக்குத் தூளும் அரைத்திருக்கும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

"அப்படித்தான் இருக்கும் டொக்டர். தோட்டத்து ஆக்கள் வெற்றிலை போடாமல் இருக்கமாட்டார்கள்."

சொன்னவன் லயத்தில் பிறந்தவன். என் அம்மா ஆயுசில் வெற்றிலை வாயில் வைத்ததில்லை. அந்த வளையங்களை நான் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. டொக்டர் ஒன்று சொன்னார், அதை ஆமோதிப்பது சுலபமாக இருந்தது. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மூன்றாம் மாதம் இரண்டாம் தடவை வந்தார், திரும்பவும் வளையம் மாற்றினோம். அதே கதை, அதே கேள்வி, அதே சத்தியம். மூன்றாம் தடவை வந்தபோது டொக்டர் எக்ஸ்ரே எடுத்தார். வலது திருகாணியைச் சுற்றி எலும்பு கொஞ்சம் இறங்கியிருந்தது. செட்டு ஆடினால் அந்த ஆட்டமெல்லாம் திருகாணிக்குத்தான் போகும். இப்படியே விட்டால் திருகாணியும் போய்விடும், எலும்பும் போய்விடும். அவர் பார்வையில் அது நியாயமான முடிவுதான். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

"இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். குண்டுகளைக் கழற்றித் திருகாணிகளை மூடிவிடுவோம். சாதாரண செட் ஒன்று செய்து கொடுங்கள். வெற்றிலையை விடாதவருக்கு இது சரிவராது."

நான் அக்காவிடம் சொன்னேன். வெற்றிலையைப் பற்றிச் சொன்ன கடைசி வரியை விட்டுவிட்டேன். ஆனால் அவருக்கு அது புரிந்துவிட்டது, சிங்களம் தெரியாதவரா என்ன.

"அப்ப பழையபடி விழுமா சார்?"

நான் அவருடைய அட்டையில் அடுத்த திகதியை எழுதினேன்.

"ஒன்னும் செய்யேலாதா? எம் மகன் வர்ற நேரம் சார். இந்த வருசம் கட்டாயம் கூட்டிட்டு வர்றேன்னிருக்கான். அந்த நேரம் இது வாயில இல்லாட்டி..."

கைப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். டொக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

அன்று பின்னேரம்தான், முந்தின தடவை கழற்றி வைத்த அவருடைய வளையங்களை ஒழுங்காகப் பார்த்தேன். ஒரு மாணிக்கக்கல் வியாபாரி, தன் பல் செட்டு நன்றாக அமைந்ததில் மகிழ்ந்து எனக்குத் தந்த பூதக்கண்ணாடி ஒன்று இருந்தது. கல்லுக்குள் கீறல் பார்க்கிற கண்ணாடி. அதைக் கண்ணில் வைத்தேன். வெற்றிலை போடுகிற வாயில் இருந்த ரப்பர் எனக்கு நன்றாகத் தெரியும். மங்கி, சொரசொரத்து, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அரைபட்டு, ஓரத்தில் காவி படிந்திருக்கும். இது சுத்தமாக இருந்தது. அன்று கையில் பிடித்துப் பார்த்த பல் செட்டின் பிளாஸ்டிக்கிலும் ஒரு கறை இருக்கவில்லை. வலது வளையத்தின் முன் ஓரம் மட்டும் வெட்டுப்பட்ட மாதிரிக் கிழிந்து, மற்ற இடமெல்லாம் பளபளவென்று தட்டையாகியிருந்தது. இடது வளையம் அவ்வளவு மோசமில்லை. அரைபட்ட ரப்பர் இல்லை இது. போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றித் தேய்ந்த ரப்பர்.

நினைத்தால் போதுமா, பார்க்க வேண்டுமே. இரண்டு புது வளையங்களை எடுத்து ஒரு பழைய செட்டில் வைத்தேன். வேலைக்கு இடையில் கிடைத்த நேரத்திலெல்லாம் பிளாஸ்டர் தாடையில் வலது பக்கத்தை முதலில் சரித்து மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தேன். பத்திரிகை ஓரத்தில் ஐந்தைந்தாகக் கோடு போட்டு எண்ணினேன். நாலு நாள் ஆனது. கட்டைவிரல் வீங்கிவிட்டது. மூவாயிரத்தைத் தாண்டியபோது வளையத்தை எடுத்துக் கண்ணாடியில் பார்த்தேன். அக்காவின் வளையத்தையும் இதையும் கலந்து வைத்தால் எது யாருடையது என்று எனக்கே தெரியாது. வலது பக்கம் அதே கிழிசல்.

மூவாயிரத்தை மூன்று மாதத்துக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு முப்பதுக்கு மேல் வந்தது. ஒரு மனுசி ஒரு நாளில் முப்பது தடவைக்கு மேல் பல்லைக் கழற்றி மாட்டவேண்டிய அவசியம் என்ன? யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை றக்வான பஸ் ஏறினேன்.

அந்தப் பாதையைத் தெரிந்தவர்களுக்கு அதன் வளைவுகளைச் சொல்லத் தேவையில்லை. றக்வானவில் இறங்கி ஒரு த்ரீவீலைப் பிடித்தேன். தோட்டத்துக்குள் போய், கடைசி வளைவில் கியரை மாற்றி முக்கி முனகி ஏறினால்தான் அக்காவின் லயம் தெரியும். அவர் வீடு கடைசிக் காம்பரா. வண்டி நின்றபோது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நல்ல சேலை. முகம் முழுக்கச் சிரிப்பு, வாய் நிறையப் பல். நான் இறங்கினேன். அவர் பார்வை என்னைத் தாண்டி வண்டியின் பின் சீட்டுக்குப் போனது. அங்கே ஒருவரும் இல்லை. அதற்குப் பிறகுதான் என்னை அடையாளம் கண்டார்.

"அட, சாரா! வாங்க வாங்க. என்னங்க இவ்வளவு தூரம்?"

உட்காரச் சொன்னார். அடுப்பில் தண்ணீர் வைத்தார். கை கழுவி வருகிறேன் என்று நான் கீழே தண்ணீர்ப் பீலிக்குப் போனேன். அங்கே நாலைந்து பெண்கள் வாளியோடு நின்றார்கள், நானும் வரிசையில் நின்றேன். நின்ற இடத்திலிருந்து அக்காவின் திறந்த கதவு நேரே தெரிந்தது. அவர் வாயிலிருந்து செட்டைக் கழற்றினார். ஜன்னலடியில் இருந்த ஒரு சில்வர் டம்ளரில் போட்டார். அடுப்பை ஊதப் போனார். அந்த நேரம் கீழ் வளைவில் ஏதோ ஒரு வண்டி கியர் மாற்றும் சத்தம் கேட்டது. அக்கா எழும்பி ஓடி வந்தார். டம்ளரிலிருந்து எடுத்தார், வாயில் வைத்தார், அவசரத்தில் கையால்கூட அமுக்காமல் அப்படியே கடித்தார். சேலையைச் சரிசெய்துகொண்டு வாசலில் நின்றார். லொறி ஒன்று மேலே தேயிலை ஸ்டோருக்குப் போனது. அக்கா உள்ளே போனார். கழற்றினார். டம்ளரில் போட்டார்.

என் முறை வந்தும் நான் கை கழுவவில்லை. பின்னால் நின்ற பெண்ணை விட்டேன். இன்னும் இரண்டு வண்டி போகும்வரை அங்கேயே நின்றேன். இரண்டுக்கும் அதுவே நடந்தது.

திரும்பிப் போய் உட்கார்ந்தபோது பல்லோடுதான் தேத்தண்ணி கொண்டுவந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை, பார்த்ததைச் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஆமாங்க சார். வண்டிச் சத்தம் கேட்டா போட்டுக்குவேன். அவன் எப்ப வருவான்னு சொல்லமாட்டான், திடீர்னுதான் வருவான். இந்த வளைவு திரும்பிட்டா வாசல்தான், அப்பறம் போட நேரமில்ல."

"அது சரிக்கா. போன பிறகு ஏன் கழட்டுறீங்க?"

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"நீங்கதானே சார் சொன்னீங்க, பாவிச்சா தேயும்னு? அவன் வர்ற வரைக்கும் தேயாம இருக்கட்டுமேன்னு கழட்டி வச்சிர்றது."

எங்கள் ஆட்களின் பழக்கம் எனக்குத் தெரியாததா? நல்ல சேலை பெட்டியில் இருக்கும். நல்ல கோப்பை கண்ணாடி அலுமாரியில் இருக்கும். புதுப் பாயைச் சுருட்டி மேலே செருகி வைத்துவிட்டுச் சாக்கில் படுப்பார்கள். நல்லதெல்லாம் வருகிறவர்களுக்கு. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்துவிட்டு, தேயும் என்று சொன்னால் எடுத்து வைத்துவிடுவார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. வெற்றிலைதான் தோன்றியது.

"அக்கா, பிழை எம்மேலதான். வாயில இருந்தா அது தேயாது. போடுறப்பயும் கழட்டுறப்பயும்தான் தேயுது. காலைல போட்டா படுக்கிற வரைக்கும் கழட்டாதீங்க. கடிச்சுப் போடாம ரெண்டு கட்டவிரலாலயும் அமுக்கிப் போடுங்க."

"நாள் பூராவா?"

"நாள் பூரா."

தேத்தண்ணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஆளில்லாத வீட்டுல பல்லு எதுக்குத் தம்பி?"

அதுவரை சார் என்றவர் அப்போதுதான் தம்பி என்றார். பதில் தெரிந்த ஆளிடம் அவர் கேட்கவில்லை. பெல்மதுளையில் நான் வாடகைக்கு இருக்கும் அறையில், ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிடும்போது ரேடியோவைப் போட்டுக்கொள்வேன். கேட்பதற்கு இல்லை, நான் மெல்லுகிற சத்தம் எனக்கே கேட்காமலிருக்க.

"சாப்பிடத்தான்" என்றேன் கடைசியில். "கஞ்சியையே குடிச்சிட்டு இருக்காம நல்லா மென்னு சாப்பிடுங்க."

மகனின் போன் இலக்கத்தைக் கேட்டேன். நானே பேசிப் பார்க்கிறேன் என்றேன். அக்கா கையை ஆட்டி மறுத்தார்.

"வேணாந் தம்பி. ஒருத்தர் சொல்லி வர்ற வரவு எனக்கு வேணாம்."

திங்கட்கிழமை நாலு மணிக்கு டொக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். இன்றைக்கு நாம் என்ன பிழை விட்டோம், மிஸ்டர் செல்வா?

"ஒன்று இருக்கிறது டொக்டர்" என்றேன்.

இருபது வருடத்தில் முதல் தடவையாக அவர் என் அறையில் உட்கார்ந்தார். பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். அக்காவின் வளையத்தையும் நான் தேய்த்த வளையத்தையும் பக்கத்தில் வைத்தேன். கோடு போட்ட பத்திரிகையைக் காட்டினேன். பீலியடியில் நின்று பார்த்ததைச் சொன்னேன். அவர் நீண்ட நேரம் பார்த்தார்.

"இது உங்களுக்குப் பார்த்தவுடனே தெரிந்திருக்கும். அன்றைக்கு ஏன் வெற்றிலை என்றீர்கள்?"

"நீங்கள் சொன்னீர்கள், டொக்டர்."

"நான் சொல்லவில்லை, மிஸ்டர் செல்வா. நான் கேட்டேன்."

கோபமில்லாமல்தான் சொன்னார். அதனால்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை. இருபது வருடமாக அந்த மனிதர் என்னிடம் உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்த அறையில் நான் தனியாக இருந்ததாக நினைத்தேன். அந்தத் தனிமையில் பாதி, நானே இழுத்துப் பூட்டிக்கொண்ட கதவு.

குண்டுகளைக் கழற்றவில்லை. குறித்த நாளில் அக்கா வந்தபோது டொக்டர் வெற்றிலை விஷயத்துக்காகத் தன் வாயால், உடைந்த தமிழில், "மன்னிக்க வேணும் அம்மா" என்றார். அந்த இரண்டு மூன்று சொல்லையும் காலையிலேயே என்னிடம் கேட்டு எழுதி வைத்திருந்தார். அக்காவுக்கு வெட்கம் தாளவில்லை. புது வளையம் போட்டோம். கட்டைவிரலால் அமுக்கிப் போடுவதைப் பத்துத் தடவை செய்துகாட்டச் சொன்னேன். ஒன்பதாம் தடவை, "ஐயோ தேயுது தம்பி, போதும்" என்றார்.

மூன்று மாதத்தில் அவர் வரவில்லை. ஆறு மாதத்தில் வந்தார், செட்டு அசையவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு அதே இடத்தில் நின்றது. ஒரு வருடம் கழித்து வருடாந்தப் பரிசோதனைக்கு வந்தார். நான் ஓய்வுபெற அப்போது சில மாதங்கள்தான் இருந்தன. முகத்தில் சதை போட்டிருந்தது. நன்றாக மென்று சாப்பிடுகிறார் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

செட்டை என் அறைக்குக் கொண்டுபோய் பிளாஸ்டர் தாடையில் மாட்டி, நூல் கட்டி இழுத்தேன். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. என்னால் நம்ப முடியவில்லை, இன்னொரு தடவை இழுத்தேன். வளையத்தைக் கழற்றிக் கண்ணாடியில் பார்த்தேன். ஓரம் முழுசாக இருந்தது. ஒரு வருடம் வாயில் கிடந்த வளையம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அப்படியே கையில் எடுத்துக்கொண்டு முன்னறைக்கு ஓடினேன். டொக்டர் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

"பாத்தீங்களாக்கா, நான் சொன்னேன்ல? புதுசு மாதிரியே இருக்கு!"

"ஆமாந் தம்பி" என்றார்.

"மகன் வந்தாரா? மருமக பாத்திச்சா?"

"இல்லப்பா. வர்றேன்னுதான் சொல்றான்."

நான் வளையத்தைத் திரும்பப் பொருத்திக் கொடுத்த செட்டை வாங்கி இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கிப் போட்டுக்கொண்டார். டக் என்றது. நான் சொல்லிக்கொடுத்ததைவிடச் சரியாகச் செய்தார். பிறகு யாரையும் குறை சொல்லாத குரலில் சொன்னார்.

"முந்தியெல்லாம் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வேல இருந்திச்சு தம்பி. ஓடணும், போடணும், வாசல்ல போய் நிக்கணும். இப்ப பல்லு பாட்டுக்கு வாயில இருக்கு. வண்டி பாட்டுக்குப் போவுது. நான் எந்திரிக்கிறதில்ல."

அக்கா என்ன சொன்னார் என்று கேட்பதுபோல டொக்டர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கவில்லை. நன்றி சொல்கிறார் என்றேன். டொக்டரின் கண்ணாடி கண்ணிலேயே இருந்தது. அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பினார். நான் என் அறைக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அவருடைய அட்டையில் எழுதினேன்: இரண்டு வளையமும் நல்ல நிலை. தேய்வு இல்லை. மாற்றத் தேவையில்லை.